மனை வாங்கும் முன் மண்ணையும் நீரையும் விசாரிப்பது எப்படி?

முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தாய்ப்பத்திரம் கேட்கிறோம். வக்கீலிடம் கருத்து வாங்குகிறோம். வாஸ்துகூடப் பார்க்கிறோம். ஆனால் அந்த நிலத்தில் ஒரு காலத்தில் சாயத் தண்ணீர் விட்டார்களா, தோல் ஊறவைத்தார்களா, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்களா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வங்கியின் வழக்கறிஞர் உரிமையைப் பார்க்கிறார்; மதிப்பீட்டாளர் விலையைப் பார்க்கிறார்; மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் டிடிசிபியும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) சிஎம்டிஏவும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) சாலை அகலத்தையும் நில உபயோகத்தையும் பார்க்கின்றன. மண்ணுக்குள் என்ன இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது இவர்களில் யாருடைய வேலையும் இல்லை. வாங்குபவர் தாமே பார்த்தால்தான் உண்டு.

தமிழ்நாட்டில் முதன்முறையாக மனையோ தோட்டமோ பழைய ஆலைக் கட்டடமோ வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி வேலைக்குப் பணம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. செய்யும் வரிசையும் முக்கியம்: முதலில் காகிதம், பிறகு ஊரார், அதன் பிறகு நிலம், கடைசியில்தான் ஆய்வகம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் ஆய்வகத்துக்குப் போனால், அவர்கள் வழக்கமான பத்துப் பன்னிரண்டு சோதனைகளைச் செய்து நல்லபடியாக ஒரு அறிக்கை தருவார்கள். நஞ்சு அந்தப் பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தால் அந்த அறிக்கையால் பயனில்லை.

வட்டாரத்தின் தொழிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் என்றால் தோல் பதனிடுதல். அங்கே தேட வேண்டியவை குரோமியமும் உப்பும். திருப்பூர், ஈரோடு, கரூர் என்றால் சாயப்பட்டறையும் சலவைப்பட்டறையும். அங்கே கரைந்த உப்புகள் முதலில், உலோகங்கள் அடுத்து. கோவையில் முலாம் பூசும் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் இருப்பதால் நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் எண்ணெய், ரசாயனம், அனல் மின் நிலையச் சாம்பல். கடலூர் சிப்காட்டைச் சுற்றி ரசாயன ஆலைகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடு முழுவதும் தொழில் வட்டாரங்களுக்கு மாசுக் குறியீடு வெளியிட்டபோது, 70 மதிப்பெண்ணைத் தாண்டிய 'மிக மோசமான' பட்டியலில் வேலூர், கடலூர், மணலி, கோவை ஆகிய நான்கும் இருந்தன.

இது பழைய கதை, ஆலை மூடிவிட்டது என்று விற்பவர் சொல்லலாம். ஆலையை மூடுவதால் மண் தூய்மையாகிவிடாது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை ஒன்று தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அதன் பிறகும் பல ஆண்டுகள் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் நிலத்தடி நீருக்குள் இறங்கியது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் வழியாக ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீரை விவசாயிகளே வேண்டாம் என்று மறுக்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் அந்த விவசாயிகளின் நெடுங்காலப் போராட்டம் இருக்கிறது.

பெரிய ஆலைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டதற்கு உடனடிக் காரணமாக இருந்தது, ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதுதான். ஆலை ஓரிடம், நஞ்சு கிடந்தது குடியிருப்பின் நடுவே வேறோர் இடம். ஆகவே உங்கள் மனையைச் சுற்றி இப்போதோ முன்போ காயலான் கடை, லாரி ஷெட், பேட்டரிக் கடை, முலாம் பட்டறை, பெட்ரோல் பங்க், பூச்சிமருந்துக் கிடங்கு எதுவும் இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி உடைத்த இடம் என்றால் மிகவும் எச்சரிக்கை வேண்டும். ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும்.

பத்திரத்தை வேறு கண்ணால் படியுங்கள்

வக்கீல் உரிமைக்காகப் படித்த அதே பத்திரக் கட்டை நீங்கள் நிலத்தின் வரலாற்றுக்காக மறுபடி படியுங்கள். முக்கியமாகச் சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பத்திரத்தில் 'தொட்டிகள், பாய்லர், மோட்டார் ரூம் உட்பட' என்று எழுதியிருந்தால் அது வெறும் காலி மனையாக இருந்ததில்லை. எல்லையில் 'வடக்கில் இன்னாருடைய தோல் ஷாப்பு' என்றோ 'கிழக்கில் சாயப்பட்டறைக்குப் போகும் பாதை' என்றோ இருந்தால், அண்டை நிலத்தின் வரலாறும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு வரிக்காகவே தாய்ப்பத்திரம் வரை போய்ப் படிப்பது நல்லது.

வில்லங்கச் சான்றில் கிரயங்களை மட்டும் பார்க்காமல் குத்தகைப் பதிவுகளையும் அடமானப் பதிவுகளையும் பாருங்கள். ஒரு கம்பெனி பெயரில் பத்து ஆண்டுக் குத்தகை பதிவாகியிருந்தால் அந்தக் கம்பெனி என்ன செய்தது என்று விசாரிக்க வேண்டும். விவசாய நிலத்தை அடமானம் வைத்துத் தொழிற்கடன் வாங்கியிருந்தால் அதுவும் ஒரு தடயம். பதிவு செய்யாத வாய்மொழிக் குத்தகைகள் வில்லங்கத்தில் வராது. சிறு பட்டறைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் நடக்கும். அதற்குத்தான் ஊரில் விசாரிப்பது.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலில் எந்தப் பசலியில் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டில்) என்ன பயிர் என்று இருக்கும். நஞ்சை நிலம், கிணறும் இருக்கிறது, ஆனால் திடீரென்று தொடர்ந்து தரிசு என்றால் ஏன் என்று கேளுங்கள். மனைப்பிரிவாக விற்பதற்காகவும் தரிசு போட்டிருக்கலாம். தண்ணீர் கெட்டதாலும் இருக்கலாம். புல வரைபடத்தில் கிணறு இருந்து, நேரில் காணவில்லை என்றால் அந்தக் கிணற்றை எதைக் கொண்டு மூடினார்கள் என்பது முக்கியமான கேள்வி. குப்பை கொட்டி மூடிய கிணறு நேராக நிலத்தடி நீருக்கு வைத்த குழாய் ஆகிவிடும்.

கூகுள் எர்த் செயலியைக் கணினியில் திறந்தால் அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். பல ஊர்களுக்கு 2000களின் தொடக்கத்திலிருந்து தெளிவான படங்கள் இருக்கின்றன. வரிசையாகச் சதுரத் தொட்டிகள், நிறம் மாறிய குட்டை, பெரிய தகரக் கூரை, வெண்மை படர்ந்த வயல், பள்ளமாக இருந்து பிறகு மேடான இடம் ஆகியவற்றைத் தேடுங்கள். கல் குவாரியாகவோ செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளமாகவோ இருந்து, பின்னர் சமதளமாகிய இடம் என்றால் அதை நிரப்பியது ஊர்க் குப்பையாகவோ ஆலைக் கழிவாகவோ இருக்கக்கூடும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள்

சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். 'இந்த இடம் மாசுபட்டதா?' என்று கேட்காதீர்கள். அது கருத்து கேட்பது, பதில் வராது. ஆவணங்களைக் கேளுங்கள்: இந்தச் சர்வே எண்ணிலும் ஒட்டியுள்ள சர்வே எண்களிலும் இதுவரை வாரியத்தின் இசைவு (தொழில் நடத்த அனுமதி) பெற்ற தொழிற்சாலைகளின் பட்டியல், இயக்க இசைவு ஆணைகளின் நகல், மூடல் ஆணைகளின் நகல், சுற்றுவட்டாரக் கிணறுகளில் எடுத்த நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை. இசைவு ஆணையில் எந்த வகைத் தொழில், எவ்வளவு கழிவுநீர், அது எங்கே விடப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். சிவப்பு வகைத் தொழில், அதாவது வாரியத்தின் கணக்கில் அதிகம் மாசுபடுத்தும் வகை, என்றால் உங்கள் ஆய்வகப் பட்டியல் நீள வேண்டும்.

மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்று தனி விதிகள் 2025 ஜூலையில்தான் மத்திய அரசால் வெளியிடப்பட்டன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும், வாரியம் அவற்றை ஆராய வேண்டும் என்று அவை சொல்கின்றன. நல்ல தொடக்கம், ஆனால் ஊர்க் குப்பைக் கிடங்குகளையும் சுரங்கப் பகுதிகளையும் அவை உள்ளடக்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்பதைத் தூய்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சர்வே எண்ணுக்கு உரிய நில உபயோக மண்டலத்தை சிஎம்டிஏ இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் மனை குடியிருப்பு மண்டலமாக இருந்து, சாலைக்கு அந்தப் பக்கம் ஆபத்தான தொழில்களுக்கான மண்டலமாக இருந்தால் அங்கே நாளை எது வேண்டுமானாலும் வரலாம்.

ஊரில் சரியான ஆளிடம் சரியான கேள்வி

தரகரையும் விற்பவரின் உறவினரையும் விட்டுவிடுங்கள். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிக்காரர், நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்கிப் பழுதுபார்ப்பவர், அந்த வயலில் கூலிக்குப் போன மூத்த பெண்கள், பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஆகியோரைத் தேடிப் போங்கள். மோட்டார் பழுதுபார்ப்பவர் எந்தத் தெருவில் குழாய் சீக்கிரம் அரித்துப் போகிறது, எங்கே மோட்டாரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி வருகிறது என்று கணக்காகச் சொல்வார். என் மதிப்பில் எந்த நிபுணரின் அறிக்கைக்கும் அவர் வாய்ச்சொல் குறைந்ததல்ல.

'இங்கே மாசு உண்டா?' என்று கேட்டால் ஊர் மானத்துக்காக இல்லை என்றுதான் சொல்வார்கள். வேறு விதமாகக் கேளுங்கள். குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? கிணற்றுத் தண்ணீரில் சோறு ஆக்குவீர்களா? எந்த ஆண்டிலிருந்து லாரித் தண்ணீர் வருகிறது? முன்பு நெல் போட்ட வயலில் இப்போது என்ன விளைகிறது? மாடு இந்த ஓடையில் தண்ணீர் குடிக்குமா? இந்தக் கேள்விகளுக்கு மக்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள், பதிலும் துல்லியமாக இருக்கும்.

நிலத்தில் நடக்கும்போது

வெயில் காலத்தில் ஒரு முறை, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு முறை போங்கள். தரையில் மஞ்சள் அல்லது பச்சை படிவு, தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம், கரிய மண், கரைப்பான் (தின்னர் போன்ற ரசாயனம்) வாடை, ஒரே இடத்தில் மட்டும் செடி முளைக்காத திட்டு, கிணற்றுச் சுவரில் நிறம் மாறிய கோடு ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீர் மஞ்சளாக இருந்தால், தோல் அல்லது குரோமேட் வட்டாரத்தில், அறுஇணைதிறன் குரோமியம் என்று சந்தேகிக்க வேண்டும். அது குரோமியத்தின் வடிவங்களில் மிகவும் ஆபத்தானது. வெள்ளை உப்புப் பூத்திருப்பது மட்டும் போதிய சாட்சி இல்லை. களர் உவர் நிலங்களில் இயற்கையாகவே அப்படிப் பூக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு பாறையிலிருந்தே வருகிறது. மீஞ்சூர்ப் பக்கம் உப்பு கடலிலிருந்து வருகிறது. தீங்கு தீங்குதான், ஆனால் காரணம் வேறானால் தீர்வும் வேறு.

மனையின் எல்லையோடு நின்றுவிடாதீர்கள். நிலத்தடி நீர் பொதுவாக மேட்டிலிருந்து ஆற்றையோ ஏரியையோ நோக்கிச் சரியும். உங்கள் மனைக்கு மேட்டுப் பக்கம் அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் நடந்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் எண்ணெய் வியாபாரம் செய்யவில்லை, பூமிக்கடியில் போன குழாய் கசிந்தது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுண்ணாம்புப் பாறை வழியே ஊர்க் கிணறுகளுக்குப் பரவி, 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் நட்ட ஈடு வழங்கச் சொல்லும் அளவுக்குப் போனது. பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இப்படிப்பட்ட இடத்தில் கிணற்றை நம்பி வீடு கட்ட முடியாது.

மண் கொட்டி மேடாக்கிய மனைப்பிரிவு என்றால் விற்பவரிடம் அனுமதி வாங்கி, ஜேசிபி வைத்து இரண்டு மூன்று இடங்களில் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். உடைந்த பிளாஸ்டிக், சாம்பல், துணி, கரிய சேறு வந்தால் அது குப்பை மேடு. அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் வரும்; தரை இறங்கும், சுவர் விரியும். வாடை அடிக்கும் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். அனுமதி தர மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

தண்ணீர்ப் பரிசோதனை

டிடிஎஸ் மீட்டரை நீரில் முக்கி, எண் குறைவாக இருக்கிறது என்று காட்டுவார்கள். அது கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டுமே மதிப்பிடும். குரோமியமோ ஈயமோ நஞ்சாகும் அளவு மிகச் சிறியது. பெட்ரோல் அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500இன்படி ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை, வேறு நீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை. ஆனால் மொத்தக் குரோமியம் 0.05, நிக்கல் 0.02, ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அறிக்கையைப் படியுங்கள்.

மனையில் கிணறு இல்லையென்றால் பக்கத்துக் கிணற்றிலும் மேட்டுப் பக்கக் கிணற்றிலும் எடுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் நின்ற பழைய நீர் வேண்டாம். பாட்டிலை ஆய்வகத்திடமே வாங்குங்கள், ஏனென்றால் உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்த்த பாட்டிலும், எண்ணெய்ச் சோதனைக்குக் காற்று இல்லாமல் நிரப்பும் கண்ணாடிக் குப்பியும் தேவை. விற்பவர் பிடித்துக்கொடுக்கும் தண்ணீரைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் பொதுமக்களுக்குக் கட்டணத்துக்கு நீர் சோதித்துத் தருகின்றன. அடிப்படைச் சோதனைகளுக்கு அது போதும். உலோகங்களுக்கும் எண்ணெய்க்கும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போங்கள். அந்த அங்கீகாரம் நீங்கள் கேட்கும் பொருளுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வந்தால் எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்று கேளுங்கள். ஈயத்தின் வரம்பு 0.01, ஆய்வகக் கருவி 0.05க்குக் கீழே காட்டாது என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. முடிந்தால் கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் சோதியுங்கள். மழை சில நஞ்சுகளை நீர்த்துப்போகச் செய்யும், சிலவற்றைப் புதிதாகக் கரைத்து இறக்கும்.

மண் பரிசோதனை

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை அட்டையைக் காட்டி 'மண் நன்றாக இருக்கிறது' என்பார்கள். அது பயிருக்கான சத்துகளையும் கார அமிலத் தன்மையையும் சொல்வது; ஈயம், குரோமியம், பாதரசம், எண்ணெய் பற்றி அதில் எதுவும் இருக்காது. இவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்.

விவசாயத்துக்கு மாதிரி எடுக்கும்போது பல இடத்து மண்ணைக் கலந்து ஒன்றாக்குவது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் ஒரு மூலையில் கிடக்கும் நஞ்சு மற்ற மண்ணோடு கலந்து மறைந்துவிடும். பழைய தொட்டி இருந்த இடம், வாய்க்கால் ஓரம், நிறம் மாறிய திட்டு என்று சந்தேகமுள்ள ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி எடுங்கள். சந்தேகமே இல்லாத தூரத்து மூலையில் ஒன்று ஒப்பிட எடுங்கள். குரோமியம் வட்டாரத்தில் மொத்தக் குரோமியத்தோடு அறுஇணைதிறன் குரோமியத்தையும் கேளுங்கள். பழைய ஆலைக் கட்டடமோ பெரிய பரப்போ என்றால் இந்த இடத்தில் நீங்களே செய்வதை நிறுத்திவிட்டு, கள ஆய்வு செய்யும் சுற்றுச்சூழல் ஆலோசகரை அமர்த்துவது சரி.

ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

சொத்து மாற்றுச் சட்டம், 1882, 55ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். எனவே கேள்விகளை எழுத்தில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள்: இங்கே என்ன தொழில் நடந்தது, எந்தக் கழிவு புதைக்கப்பட்டது, வாரியத்தின் நோட்டீஸ் வந்ததா. கிரய ஒப்பந்தத்தில், நீர், மண் ஆய்வு முடிவு இன்ன வரம்பைத் தாண்டினால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். பெரும் முன்பணம் கொடுத்துவிட்டு ஆய்வுக்குப் போகாதீர்கள். பணம் அங்கே மாட்டிக்கொண்டால் மனமும் அந்தப் பக்கமே சாயும்.

முடிவெடுக்கும்போது

உப்பு அதிகம், கடின நீர் என்பவை விலையில் பேசித் தீர்க்கக்கூடியவை, நகராட்சிக் குழாய் நீர் வருமானால். ஈயம் ஒரு சிறு திட்டில் மேல்மண்ணில் மட்டும் இருந்தால் அந்த மண்ணை அகற்றலாம். ஆனால் அதை ஏரிக்கரையில் கொட்ட முடியாது, கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தச் செலவை விற்பவர் ஏற்க வேண்டும். நிலத்தடி நீரில் குரோமியம், எண்ணெய் அல்லது கரைப்பான், வீட்டுக்கு அடியில் குப்பை மேடு, பாதரசம் ஆகியவற்றில் எது வந்தாலும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நம்ப வேண்டாம். எண்ணெய்க்கும் கரைப்பானுக்கும் அது நம்பகமான காப்பு இல்லை, குளிக்கும் நீருக்கும் செடிக்கு ஊற்றும் நீருக்கும் யாரும் ஆர்.ஓ. வைப்பதில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; உலோகம் இன்னும் அடர்த்தியாகும்.

எல்லாம் நல்லபடியாக வந்து நிலத்தை வாங்கிவிட்டாலும் ஆய்வறிக்கைகள், மாதிரி எடுத்த இடங்களைக் குறித்த வரைபடம், தேதியுடன் கூடிய படங்கள், வாரியத்தின் பதில் கடிதங்கள் எல்லாவற்றையும் கிரயப் பத்திரத்தோடு ஒரே உறையில் வையுங்கள். நாளை மேட்டுப் பக்கத்தில் ஒரு பட்டறை வந்து உங்கள் கிணறு கெட்டால், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமோ சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலோ முதலில் கேட்கப்படும் கேள்வி, முன்பு உங்கள் தண்ணீர் எப்படி இருந்தது என்பதாகத்தான் இருக்கும். அதற்கான பதில் அந்த உறைக்குள் இருக்க வேண்டும்.